ஐவர் நின்ற முன்வரிசை

சிறுபோக அறுவடை முடிந்து வயல்கள் வெறுமையாகக் கிடந்த ஒரு நாளில், நீண்ட இடைவெளியின் பின் ஊருக்குப் போயிருந்தேன். அஸர் தொழுகை முடித்து கடற்கரை வீதியால் நடந்து வருகையில், தேத்தண்ணிக் கடை ஒன்றின் வாங்கில் என் வயதொத்த மூவர் உரத்த குரலில் வாதிட்டுக்கொண்டிருந்தனர். அரசியலாக்கும் என்று எண்ணினேன். அருகில் சென்றபோதுதான் விடயம் உதைபந்தாட்டம் என்பது புரிந்தது. அவர்களுள் ஒருவருடைய பேரன் தன் கைத்தொலைபேசியில் ஏதோ ஒரு ஐரோப்பிய அணியின் வியூகப் படத்தைக் காட்டியிருக்கிறான். நால்வர் பின்னால், ஐவர் நடுவில், ஒருவர் மாத்திரம் முன்னால். மூத்தவர் படத்தை உற்றுப் பார்த்துவிட்டுக் கேட்டாராம்:

"முன்னுக்கு ஒருத்தன்தான் நிக்கிறான். மத்த நாலு பேரும் வேளாம வெட்டப் போயிட்டானுகளா மனே?"

பேரனுக்கு அந்தப் பகிடி விளங்கவில்லை. எனக்கு விளங்கியது. அதை விளக்குவதற்கே இக்கட்டுரை. கல்முனைக் கரையின் உதைபந்தாட்டத்தைப் பற்றி எழுத வேண்டுமென்ற எண்ணம் எனக்குப் பல ஆண்டுகளாக உண்டு. அதோடு, பத்திரிகையாளனாக நான் பட்ட கடன் ஒன்றும் இதில் இருக்கிறது. அதைக் கடைசியில் சொல்கிறேன்.

அஸருக்கும் மஃரிபுக்கும் இடையில்

வெளிநாடுகளில் இருக்கும் வாசகர்களுக்காக முதலில் நிலத்தைச் சொல்லிவிடுகிறேன். கொழும்பிலிருந்து இரத்தினபுரி, வெல்லவாய, பொத்துவில் வழியாக மட்டக்களப்புக்குச் செல்லும் நெடுஞ்சாலை, அக்கரைப்பற்றைத் தாண்டியதும் கடலோடு ஒட்டியே வடக்கு நோக்கிப் போகிறது. அட்டாளைச்சேனை, பாலமுனை, ஒலுவில், நிந்தவூர், காரைதீவு, மாளிகைக்காடு, சாய்ந்தமருது, கல்முனைக்குடி, கல்முனை, பாண்டிருப்பு, மருதமுனை, பெரியநீலாவணை என்று ஊர்கள் தோளோடு தோள் நிற்கின்றன. காரைதீவும் பாண்டிருப்பும் தமிழர் ஊர்கள். அவற்றுக்கு இருபுறமும் முஸ்லிம் ஊர்கள். ஓர் ஊரின் கடைசி வீட்டு வேலிதான் பல இடங்களில் அடுத்த ஊரின் எல்லை. கிழக்கே கடல். மேற்கே கல்லோயாத் திட்டத்து நீர் பாயும் நெல்வயல்கள். 1961இல் அம்பாறை தனி மாவட்டமாகப் பிரிக்கப்படும் வரை இவையெல்லாம் மட்டக்களப்பு மாவட்டத்தின் ஊர்களாகவே இருந்தன.

கடலுக்கும் வயலுக்கும் நடுவே நெருக்கியடித்து வாழும் இந்தச் சனத்துக்கு, விளையாடுவதற்கு மிஞ்சிய வெளி கடற்கரை மணல்தான். கல்முனைச் சந்தாங்கேணி மைதானம் போன்றவை உண்டு. ஆயினும் எங்கள் தலைமுறையினர் பந்தை முதலில் உதைத்தது மணலில், வெறுங்காலோடு, சாரத்தை முழங்காலுக்கு மேல் மடித்துக் கட்டிக்கொண்டு. மணலில் பந்து உருளாது, புதையும். எனவே கிளப்பி அடித்துப் பழகினார்கள். பிற்காலத்தில் புற்றரையில் ஆடியபோதும் எங்கள் பையன்கள் பந்தைத் தரையில் விடாமல் தூக்கித் தூக்கி அடித்ததற்கு இதுவே காரணம் என்பது என் அபிப்பிராயம்.

நேரத்தைத் தீர்மானித்தது பள்ளிவாசல். அஸர் தொழுகை முடிந்து ஆட்டம் தொடங்கும். மஃரிப் பாங்கோடு முடிந்தாக வேண்டும். ஜூலை மாதத்தில் இது ஓரளவு சாத்தியம். நவம்பரில் சூரியன் ஆறு மணிக்கு முன்பே அடைந்துவிடும். ஆகவே தொண்ணூறு நிமிட ஆட்டம் என்பது எங்களுக்குப் புத்தகத்தில் மட்டுமே இருந்தது. சமநிலையில் இருக்கும் ஆட்டத்தில், பாங்கு சொல்வதற்கு முந்திய பத்து நிமிடம் போல ஒரு பரபரப்பை நான் வேறெங்கும் கண்டதில்லை. முஅத்தினார் ஒரு நிமிடம் பிந்தியதால் எங்கள் கழகம் வென்றது என்று இன்றும் ஒரு வழக்கு நிலுவையில் இருக்கிறது.

ஐந்து, மூன்று, இரண்டு

இனி அந்த "முன்னுக்கு ஒருத்தன்" விடயத்துக்கு வருவோம்.

பிரித்தானியர் உலகெங்கும் உதைபந்தைக் கொண்டு சென்ற 19ஆம் நூற்றாண்டின் இறுதிப் பகுதியில், அவர்களுடைய அணிவகுப்பு இரண்டு, மூன்று, ஐந்து என்பதாக இருந்தது. பின்னால் இரு புல் பேக்குகள், நடுவில் மூன்று ஹாப் பேக்குகள், முன்வரிசையில் ஐவர். வலமிருந்து இடமாக ரைட் அவுட், ரைட் இன், சென்டர் போர்வர்ட், லெப்ட் இன், லெப்ட் அவுட். பின்னாளில் முதுகில் ஏழு முதல் பதினொன்று வரையிலான இலக்கங்கள். இலங்கைக்கு வந்ததும் இந்த அணிவகுப்பே. கொழும்புத் துறைமுகத்திலும் இராணுவ முகாம்களிலும் மிசன் பாடசாலைகளிலும் தொடங்கி, ஆசிரியர்கள் வழியாகவும் அரச உத்தியோகத்தர் வழியாகவும் அது மாகாணங்களுக்குப் பரவியது. 1918இல் தொடங்கப்பட்ட கொழும்பின் சோண்டர்ஸ் கழகத்தின் பெயர் எங்கள் ஊர் வாங்குகளிலும் பக்தியோடு சொல்லப்பட்ட பெயர்.

உலகம் இந்த ஐவர் வரிசையை அதிக காலம் வைத்திருக்கவில்லை. 1925இல் ஓப்சைட் விதி மாற்றப்பட்டது. அதுவரை முன்கள வீரருக்கும் கோல் கோட்டுக்கும் இடையில் எதிரணியினர் மூவர் இருக்க வேண்டும். அதன் பின் இருவர் போதும். இங்கிலாந்தின் முதற்பிரிவில் ஒரே பருவத்தில் கோல்களின் தொகை 1,192இலிருந்து 1,703 ஆக உயர்ந்தது. அடி தாங்காத அணிகள் சென்டர் ஹாப்பைப் பின்னுக்கு இழுத்து மூன்றாவது தடுப்பாளராக்கின. ஆர்சனல் அணியின் முகாமையாளர் ஹேர்பர்ட் சப்மன், ரைட் இன்னையும் லெப்ட் இன்னையும் நடுக்களத்துக்கு இறக்கினார். ஐவர், செயலில் மூவரானார்கள். 1953 நவம்பரில் ஹங்கேரி, வெம்பிளி மைதானத்தில் இங்கிலாந்தை 6-3 என வீழ்த்தியபோது, அதன் சென்டர் போர்வர்ட் ஹிடெக்குட்டி முன்வரிசையில் நிற்கவே இல்லை, பின்வாங்கி நின்றார். அவரைத் தொடர்ந்து போவதா, இடத்தில் நிற்பதா என்று இங்கிலாந்தின் தடுப்பாளர் தடுமாறினர். 1958இல் உலகக் கிண்ணத்தை வென்ற பிரேசில் முன்னால் நால்வரை நிறுத்தியது. அவர்களுள் லெப்ட் அவுட்டாக நின்ற சகாலோ, பந்து பறிபோனதும் பின்னால் ஓடிவந்து நடுக்களத்துக்குத் தோள் கொடுத்தார். 1962இல் முன்னால் நின்றோர் மூவர் எனலாம். 1966இல் இங்கிலாந்து அவுட் வீரர்களே இல்லாமல் கிண்ணத்தை வென்றது. பின்பு இருவர், இப்போது பல அணிகளில் ஒருவர்.

கல்முனைக் கரை வாங்குகளில் மட்டும் ஐவர் மாறவில்லை. எண்பதுகளில் எங்கள் அணிகள் நால்வர் தடுப்போடு ஆடத் தொடங்கிய பிறகும் ரசிகர்களின் பேச்சு பழைய வரிசையிலேயே நடந்தது. நடுக்களத்தில் ஆடுபவனை "லெப்ட் இன்" என்றார்கள். பெலேயின் பத்தாம் இலக்கம் பழைய கணக்கில் லெப்ட் இன்னுக்கு உரியது என்பதால், "பெலே லெப்ட் இன்தானே" என்பது இறுதித் தீர்ப்பாக இருந்தது. இது அறியாமை அன்று. அவர்களுக்கு முன்வரிசை என்பது வியூகம் மாத்திரமல்ல. ஊரில் ஐந்து வாலிபர்கள் இருக்கும் இடத்துக்கான பெயர். ஒருவனைப் பின்னுக்கு இழுப்பது எளிது. அவன் எவருடைய மகன், எவருடைய மருமகன், எவருடைய வாடியில் வேலை செய்கிறான் என்பதையெல்லாம் சேர்த்து இழுக்க வேண்டுமே!

வாங்கில் நடந்த பேச்சு

அந்தப் பேச்சை நான் பல ஆண்டுகள் செவிமடுத்திருக்கிறேன். அதில் உதைபந்தாட்டம் எங்கே முடிகிறது, வாழ்க்கை எங்கே தொடங்குகிறது என்று பிரித்துச் சொல்ல இயலாது.

"ரைட் அவுட் இந்தக் கிழமை வரமாட்டான். சூடு போட்டுக் கெடக்கு." பெரும்போக நெல் மாசி, பங்குனியிலும் சிறுபோகம் ஆவணி அளவிலும் வெட்டப்படும். அந்த நாட்களில் வயற்கார வீட்டுப் பையன்கள் களத்திலேயே படுத்து உறங்குவார்கள். ஆகவே அறுவடை முடிந்த பின்னரே சுற்றுப்போட்டிகள் வைக்கப்பட்டன. கையில் காசு புழங்குவதும் அப்போதுதான்.

"சென்டருக்கு ஆள் இல்ல. வல வளச்சிரிக்கி." கரைவலைக் காலம் அறுவடைக் காலத்தோடு பொருந்தாது. வாடைக் காற்றில் கடல் கொந்தளிக்கும் கார்த்திகை, மார்கழியில் கடற்றொழிலாளர் ஓய்வாக இருப்பார்கள். ஆனால் அப்போது மைதானத்தில் முழங்கால் அளவு வெள்ளம் நிற்கும். கடல் தணிந்து தரை காயும்போது அவர்களுக்கு வலை இழுக்கும் வேலை வந்துவிடும். ஐவரும் ஒருங்கே கிடைப்பது ஆண்டில் ஏழெட்டு வாரங்கள்தான் என்று எங்கள் கழகச் செயலாளராக இருந்தவர் விரல்விட்டு எண்ணிச் சொல்வார். பெரியவரின் "வேளாம வெட்டப் போயிட்டானுகளா" என்ற கேள்வியின் பொருள் இப்போது விளங்கியிருக்கும். அது வியூகத்தைப் பற்றிய விமர்சனம் என்பதோடு, ஒரு காலத்தின் வேலைநாட்காட்டியும் ஆகும்.

மருதமுனைப் பையன்களின் கணக்கு வேறு. அவர்கள் கைத்தறிக்காரர். நெசவுக்குப் பருவம் கிடையாது. ஆனால் நோன்புப் பெருநாளுக்கு முந்திய வாரங்களில் சாரத்துக்கும் சேலைக்கும் கிராக்கி ஏறிவிடும். தறியை விட்டு எழும்ப முடியாது. தறியில் நாள் முழுவதும் மிதித்து மிதித்து அவர்களுடைய கால்கள் உரமேறியவை என்பது எங்கள் வாங்கின் நம்பிக்கை. மெய்யோ பொய்யோ, அங்கிருந்து வந்த அவுட் வீரர்கள் நன்றாக ஓடினார்கள்.

எல்லாவற்றுக்கும் மேலாகக் கலியாணம். எமது கரையில் திருமணம் முடித்த ஆண், மனைவியின் வீட்டுக்குக் குடிபோவதே வழமை. வீடு பெண்ணுக்குரியது. குடி வழியும் தாய் வழியாகவே எண்ணப்படும். கிழக்கிலங்கைத் தமிழருக்கும் முஸ்லிம்களுக்கும் பொதுவான இந்த வழமையைப் பற்றி மானிடவியலாளர் பலர் எழுதியிருக்கின்றனர். உதைபந்தாட்டக் கழகங்கள் இதனால் பட்ட பாட்டை எவரும் எழுதியதாகத் தெரியவில்லை! நிந்தவூரில் பெண் எடுத்தவன் நிந்தவூரான் ஆகிவிடுவான். அடுத்த ஆண்டு எங்களுக்கு எதிராகவே கோல் அடிப்பான். நல்ல சென்டர் போர்வர்ட் ஒருவனுக்கு வெளியூரில் பெண் பேசுகிறார்கள் என்ற கதை வந்தால், வாங்கில் இருப்பவர்கள் பதறிப்போய் உள்ளூரிலேயே அவனுக்குப் பெண் தேடுவார்கள். அப்படி முடிந்த கலியாணங்கள் இரண்டை நானறிவேன். இரண்டு குடும்பங்களும் நன்றாகவே வாழ்கின்றன.

எழுபதுகளின் இறுதியிலிருந்து மற்றுமொரு வாசல் திறந்தது. சவூதி, குவைத், கட்டார். இருபத்திரண்டு வயதில், கால் முற்றிப் பழுத்த நேரத்தில், பையன் விமானம் ஏறினான். அவன் அனுப்பிய காசில் கல்வீடு எழுந்தது, கழகத்துக்குச் சப்பாத்தும் ஜேர்சியும் வந்தன. முன்வரிசையில் ஓர் இடம் வெறுமையானது. "கட்டார்ல நம்மட லெப்ட் இன் மேசன் வேல செய்றான்" என்று ஒருவர் சொன்னபோது வாங்கில் நிலவிய மௌனம் எனக்கு இன்னும் நினைவிருக்கிறது. பல ஆண்டுகளின் பின், 2022 டிசம்பர் 18ஆம் திகதி, கட்டாரின் லுசைல் மைதானத்தில் ஆர்ஜென்டீனாவும் பிரான்சும் 3-3 எனச் சமநிலையில் முடித்துத் தண்ட உதைக்குப் போன இரவில், அதே வாங்கில் நானும் இருந்தேன். மின்வெட்டிலும் வரிசைகளிலும் நாடு நொந்துபோயிருந்த ஆண்டு அது. திரையில் அந்த மைதானத்தைக் கண்டவுடன் ஒருவர் முதலில் சொன்னது மெஸ்ஸியைப் பற்றி அன்று. "இந்த ரோட்டெல்லாம் எண்ட மகன் வேல செஞ்ச ரோட்டு" என்றார்.

ரைட் அவுட் இல்லாத பிரேசில்

வெளியுலகம் எங்களுக்கு வானொலி வழியாகவும் பத்திரிகை வழியாகவும் வந்தது. சென்னையிலிருந்து 1978 முதல் வெளிவந்த ஸ்போர்ட்ஸ்டார் சஞ்சிகையின் வண்ணப் படங்கள் சலூன்களின் சுவர்களை நிறைத்தன. ஆங்கிலம் அறிந்த ஒருவர் வாசித்துச் சொல்ல, சுற்றியிருந்தவர்கள் தீர்ப்பு வழங்கினார்கள்.

1982 ஜூலையில் பிரேசில் இத்தாலியிடம் 2-3 எனத் தோற்றது. பாவ்லோ ரொஸ்ஸி மூன்று கோல்கள். சிக்கோ, சோக்ரடீஸ், பல்காவ் போன்றோர் இருந்தும் ஏன் தோற்றார்கள் என்று உலகப் பத்திரிகைகள் பக்கம் பக்கமாக எழுதின. எங்கள் வாங்கு ஒரே வாக்கியத்தில் முடித்தது: "ரைட் அவுட் இல்லாத டீம்." நகைப்புக்குரியதாகத் தோன்றலாம். ஆனால் அந்த அணியில் வலது ஓரத்தில் நிலையான முன்கள வீரர் இருக்கவில்லை என்பதும், சென்டர் போர்வர்ட் செர்ஜினியோ மற்றவர்களின் தரத்துக்கு ஈடுகொடுக்கவில்லை என்பதும் பின்னாளில் விமர்சகர் பலரும் ஒப்புக்கொண்டவை. ஐவரை வைத்துச் சிந்தித்தவர்களுக்கு வெறுமையாக இருந்த ஓரம் உடனே கண்ணில் பட்டது. யார் வரவில்லை என்பதைக் கவனிப்பது எங்கள் ரசிகர்களுக்குப் பழகிப்போன கலை.

1984ஆம் ஆண்டின் ஐவர்

இனி என் கடன்.

எண்பதுகளின் தொடக்கத்தில் நான் கொழும்புத் தமிழ்ப் பத்திரிகை ஒன்றின் பிரதேச நிருபர். எங்கள் கழகத்தின் மிகச் சிறந்த முன்வரிசை அந்த ஆண்டுகளில்தான் அமைந்தது. ரைட் அவுட் மருதமுனை நெசவாளி. ரைட் இன் பாடசாலை ஆசிரியர். சென்டர் போர்வர்ட் மீன்வாடியில் கணக்கெழுதியவர். லெப்ட் இன் வயற்காரர். லெப்ட் அவுட் பாண்டிருப்பைச் சேர்ந்த தமிழ் இளைஞர், சைக்கிள் திருத்தும் கடையில் வேலை. தமிழர் ஊரான் முஸ்லிம் கழகத்தில் ஆடுவதும், எங்களூரான் காரைதீவுக்காக ஆடுவதும் அக்காலத்தில் செய்தியே அல்ல. நல்ல இடதுகால் எங்கே இருந்தாலும் தேடிப் போய் அழைத்து வருவார்கள். நோன்பு திறக்கும் வேளையில் அவரும் எங்களோடு பேரீச்சம்பழமும் கஞ்சியும் குடித்திருக்கிறார். பொங்கலன்று அவருடைய அம்மாவின் கையால் நாங்கள் உண்டிருக்கிறோம்.

1984ஆம் ஆண்டு, சிறுபோகம் வெட்டிய பின் நடந்த ஒரு சுற்றுப்போட்டியின் இறுதியாட்டம். 1-1 சமநிலை. மஃரிபுக்கு ஐந்தாறு நிமிடங்களே இருந்தன. லெப்ட் அவுட் தம் பாதிக்குள் பந்தைப் பறித்து, ஓரக்கோட்டோடு ஓடி, இருவரைக் கடந்து, கோட்டின் விளிம்பிலிருந்து பின்னோக்கி ஒரு பந்து கொடுத்தார். சென்டர் போர்வர்ட் செய்ததெல்லாம் காலை வைத்தது மாத்திரமே. 2-1. ஆட்டத்தை முடித்து வைத்தது நடுவரின் விசிலா, பாங்கா என்பது இன்றும் தெளிவில்லை.

அன்றிரவே தந்தி எழுதினேன். தந்தியில் சொல்லுக்குச் சொல் காசு. அதுவும் என் சொந்தக் காசு. கழகத்தின் பெயர், முடிவு, கோல் அடித்தவரின் பெயர் மட்டும் எழுதினேன். பந்து கொடுத்தவரின் பெயரை முதலில் எழுதி, பின்பு வெட்டினேன். நான்கு சொற்கள் மிச்சம். நான்கு நாட்களின் பின் செய்தி வெளிவந்தது, ஒரு பந்தியில், அதே அளவாக. அதைக் கத்தரித்துக் கழகச் சுவரில் ஒட்டினார்கள். லெப்ட் அவுட் அதைப் படித்துவிட்டுச் சிரித்தார். ஒன்றும் சொல்லவில்லை.

அடுத்த ஆண்டு வைத்து எழுதலாம் என்று எண்ணினேன். அடுத்த ஆண்டு என்பது 1985. அவ்வாண்டு ஏப்ரலில் காரைதீவுப் பகுதியில் தொடங்கிய தமிழ், முஸ்லிம் கலவரம் இரு தரப்பிலும் வீடுகளையும் உயிர்களையும் தின்றது. சுற்றுப்போட்டிகள் நின்றன. பாண்டிருப்புக்கும் எங்கள் ஊருக்கும் இடையில் சைக்கிளில் சில நிமிடப் பயணம். அந்தச் சில நிமிடங்களைக் கடக்கப் பின்னர் ஆண்டுகள் பிடித்தன. 1990 ஜூனில் யுத்தம் மீண்டும் மூண்டபோது, கிழக்கில் சரணடைந்த பொலிஸார் நூற்றுக்கணக்கில் கொல்லப்பட்டனர். இராணுவம் கல்முனையைத் திரும்பக் கைப்பற்றிய நாட்களில் தமிழ்ப் பொதுமக்கள் பெருந்தொகையில் கொல்லப்பட்டனர், காணாமலாக்கப்பட்டனர். அதே ஓகஸ்ட்டில் காத்தான்குடிப் பள்ளிவாசல்களில் தொழுதுகொண்டிருந்தோரும், ஏறாவூரில் உறங்கிக்கொண்டிருந்தோரும் விடுதலைப் புலிகளால் கொன்று குவிக்கப்பட்டனர். இவற்றின் பின் எந்த வாங்கில் எவர் இருந்து எவரைப் பற்றிப் பேசுவது? முஸ்லிம் கழகங்கள் முஸ்லிம் கழகங்களோடும் தமிழ்க் கழகங்கள் தமிழ்க் கழகங்களோடும் ஆடின. ஒரு கரையில் இரண்டு உதைபந்தாட்டம்.

1995இல் கொழும்பில் இலங்கை அணி இந்தியாவை 1-0 என வென்று தெற்காசிய தங்கக் கிண்ணத்தைக் கைப்பற்றியபோது, இரு ஊர்களிலும் தனித்தனியே மகிழ்ந்தார்கள்.

2004 டிசம்பர் 26ஆம் திகதி காலையில் கடல் வந்தது. நாட்டிலேயே அதிக உயிர்களை இழந்த மாவட்டம் அம்பாறை, பத்தாயிரத்துக்கு மேல். மருதமுனை, பாண்டிருப்பு, கல்முனைக்குடி, சாய்ந்தமருது, மாளிகைக்காடு, காரைதீவு என வரிசையாக, தமிழர் முஸ்லிம் என்று பாராமல் அலை அடித்தது. எங்கள் கழகக் கட்டடம் அத்திவாரத்தோடு போயிற்று. கிண்ணங்கள், 1984ஆம் ஆண்டுக் குழுப்படம், சுவரில் ஒட்டிய பத்திரிகைத் துண்டு எல்லாமே போயின. சென்டர் போர்வர்ட் தம் மனைவியோடும் இளைய மகளோடும் போனார். அன்று பிற்பகல் எங்கள் ஊரில் மையித்துகளைத் தூக்கிக்கொண்டிருந்தவர்கள் நடுவில், பாண்டிருப்பிலிருந்து சேற்றில் நடந்து வந்த ஒருவர் நின்றாராம். தம்முடைய ஊரிலும் அதே நிலை. ஆயினும் வந்து, சென்டர் போர்வர்டைத் தேடினாராம். நான் அன்று கொழும்பில் இருந்தேன். வாங்கில் இருந்தவர்கள் சொல்லித்தான் அறிந்தேன்.

எது ஆவணம்?

அவ்வளவின் பின் எனக்கு உறைத்தது ஒன்று. ஐந்து பேரும் ஒன்றாக நின்றார்கள் என்பதற்கு இன்று எழுத்தில் ஆதாரம் இல்லை. இருந்திருக்கக்கூடிய ஒரே ஆதாரம் நான் அனுப்பிய செய்தி. அதில் லெப்ட் அவுட் இல்லை. நாளை ஓர் ஆய்வு மாணவன் சுவடிகள் திணைக்களத்தில் அந்தப் பத்திரிகையைப் புரட்டினால், 1984இல் ஒரு முஸ்லிம் கழகம் வென்றது, ஒரு முஸ்லிம் வீரர் கோல் அடித்தார் என்றுதான் எடுத்துக்கொள்வான். அவன் மேல் பிழை இல்லை. இரண்டு சமூகங்களும் என்றுமே தனித்தனியாகத்தான் இருந்தன என்று சொல்வோருக்கு, நான் வெட்டிய நான்கு சொற்கள் எவ்வளவு வசதியாகப் போயின!

பத்திரிகைக்காரன் கோலை எழுதுகிறான். ரசிகனோ பந்து எங்கிருந்து வந்தது என்பதை நினைவில் வைத்திருக்கிறான். அந்த வாங்கில் இருந்த மூவரும், அன்று மாலையும், அந்தப் பந்தைப் பற்றியே பேசினார்கள். அது எவரிடமிருந்து பறிக்கப்பட்டது, எத்தனை பேரைக் கடந்தது, கடைசியாக எந்தக் காலால் தட்டப்பட்டது என்பதில் மூவருக்கும் மூன்று கருத்து. கொடுத்தவர் யார் என்பதில் கருத்து வேறுபாடு இல்லை. நாற்பது ஆண்டுகளாக அவர்கள் இதைச் சலிக்காமல் பேசியிருக்காவிட்டால், இக்கட்டுரைக்கு நான் எங்கே போவேன்?

முன்வரிசைப் பேச்சு இன்று வேறு வடிவத்தில் தொடர்கிறது. 2023 ஜனவரியில் இலங்கைச் சம்மேளனத்தைப் பீபா இடைநிறுத்தியது. ஓகஸ்ட்டில் தடையை நீக்கியது. அதன் பின் புலம்பெயர்ந்தோரின் பிள்ளைகள் தேசிய அணிக்குக் கூடுதலாக வரத் தொடங்கினர். 2024 செப்டெம்பரில் ஆசியக் கிண்ணத் தகுதிச் சுற்றில் கம்போடியாவைத் தண்ட உதையில் வென்ற அணியைப் பற்றி வாங்கில் பெரும் விவாதம். சுவீடனில் பிறந்த ஆதவன் ராஜமோகனைக் குறிப்பிட்டு ஒருவர் சொன்னார்: "ஓரத்தால ஓடுறான். அப்ப அவன் அவுட்டுதான்." அவர்களைப் பொறுத்தவரை உயர்ந்த பாராட்டு அதுவே. எங்கள் ஊர்களிலும் தமிழ்க் கழகங்களும் முஸ்லிம் கழகங்களும் சில சுற்றுப்போட்டிகளில் மீண்டும் சந்திக்கின்றன. ஒரே சட்டை அணிந்து ஆடுவது இன்னும் அரிதாகத்தான் இருக்கிறது.

மறுநாள் காலை பாண்டிருப்புக்குப் போனேன். லெப்ட் அவுட் இப்போது பேரப்பிள்ளைகள் கண்டவர். முழங்காலில் வருத்தம், சைக்கிள் கடை மகனுடையது. தேத்தண்ணி தந்தார். தந்தியில் நான்கு சொல்லை வெட்டிய கதையை, நாற்பது ஆண்டுகளின் பின், அவரிடம் முதன்முறையாகச் சொன்னேன். கேட்டுவிட்டு அன்று போலவே சிரித்தார்.

"எனக்கு அப்பவே தெரியும் காக்கா. தந்திக்குக் காசு போகும்தானே."

இப்போதாவது பெயரைப் போட்டு எழுதுகிறேன் என்றேன். சற்று நேரம் வீதியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"பேரைப் போடாதீங்க காக்கா. பேரைப் போட்டா ஆக்கள் வேற கணக்குப் பாப்பாங்க. லெப்ட் அவுட் எண்டு போடுங்க. நம்மட ஆக்களுக்கு விளங்கும்."

அவர் சொன்னபடியே எழுதுகிறேன். 1984ஆம் ஆண்டு இறுதியாட்டத்தில், மஃரிபுக்குச் சற்று முன்னர் பெறப்பட்ட இரண்டாவது கோலுக்கான பந்தைக் கொடுத்தவர், பாண்டிருப்பைச் சேர்ந்த எங்கள் லெப்ட் அவுட்.